தித்தியின் குடை

டத்தோ கெராமாட் ரோடு, பினாங்கு
1982 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை
மாலை 7.40, புதிய நேரப்படி

அந்தோணி அண்ணே,

இன்று நான் திருத்திய கடிகாரங்கள் நாற்பத்தேழு. திருத்த மறந்தது ஒன்று. அந்த ஒன்று என் வீடியோ ரெக்கார்டரில் இருப்பது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிவியில் வரும் நம் ‘பாயோங் கெச்சில்’ (சின்னக் குடை) இருபத்தாறாவது பாகம் பதிவாகவில்லை. கடைசிப் பாகம். உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்தது.

நடந்தது இதுதான். நள்ளிரவோடு நம் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்களே, அதற்காகவே என்னைப் பொது விடுமுறையிலும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குக் கூப்பிட்டார்கள். ஓவன் டைமர் நாற்பது, சுவர்க் கடிகாரம் ஆறு, கார்டு குத்தும் மெஷின் ஒன்று. காலை ஏழிலிருந்து ஒவ்வொன்றாக ஏணி வைத்து ஏறித் திருத்தினேன். வீட்டு ரெக்கார்டர் மட்டும் பழைய நேரத்திலேயே நின்றிருக்கிறது. படம் ஐந்தரைக்கு. ரெக்கார்டரின் கணக்கில் ஐந்தரை ஆனபோது வெளியே ஆறு. அரை மணிப் படம், அரை மணிப் பிழை. ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை.

ஆறு மணிக்கு என்ன போட்டார்கள் என்று கேட்காதீர்கள். கோழிக்கு ஊசி போடுவது எப்படி. கலர் மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

நேரம் மாறுவதைப் பேப்பரில் பார்த்துவிட்டு, ரெக்கார்டரையும் மாற்று என்று நீங்கள் டிசம்பரிலேயே எழுதியிருந்தீர்கள். டெக்னீஷியனுக்கே பாடமா என்று நான் திருப்பி எழுதினேன். அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கோழியைப் பார்க்கலாம்.

நாகநாதன்


பைராம் தோட்டம், நிபோங் திபால்
6-1-82

அன்புள்ள தம்பி நாகநாதனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு சுகம். உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. மாதத் தொடக்கம், ஆட்களின் சம்பளக் கணக்கான செக்ரோல் எழுதி முடிக்கவே பொழுது போய்விடுகிறது. ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் நின்றுகொண்டு, கிராணியாரே என் பேர் விட்டுப்போச்சு, கிராணியாரே எனக்கு அரைநாள் கொறச்சிட்டீங்க என்று கத்தும்போது, பதில் எழுதும் கை எங்கிருந்து வரும்? அதனால்தான் தாமதம். வேறு காரணமும் உண்டு. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

தம்பி, கடிகாரத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. மனிதன் மறப்பான். டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமைதான் என் நெஞ்சில் கிடக்கிறது.

நாம் இருவரும் உன் மாடி அறையில் இருபத்தைந்தாவது பாகம் பார்த்துக்கொண்டிருந்தோம். தித்தி, அந்த ஆறு அக்கா தங்கைகளில் கடைக்குட்டி, விரியாத குடையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது உன் கூட்டாளி ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டு பேரோடு மேலே வந்தான். “என்னடா நாகா, சின்னப் புள்ளைங்க படமா? தலைக்கு ரிப்பன் வாங்கிட்டு வரட்டா, லா?” என்றான். நீ என்ன சொன்னாய்? “எனக்கென்ன பைத்தியமா? இந்தப் பெரியவருக்காகப் போட்டுக் காட்டுறேன்.” அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

எனக்கு நாற்பத்தேழு வயது. நரைத்த தலையோடு ஃபெரி ஏறி வந்து குழந்தைப் படம் பார்க்கிறவன் என்று யார் சிரித்தாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் பதினெட்டாவது பாகத்தில் தித்தி மழையில் தொலைந்துபோனபோது முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனது நானா, நீயா? சீடர் இராயப்பராவது ஆண்டவரைத் தெரியாது என்று சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை மறுதலித்தார். உனக்கு ஒரே தடவை போதுமாக இருந்தது.

ஆகையால் ஒன்று கேட்கிறேன். அந்தக் குடை கடைசியில் விரிந்ததா இல்லையா? பார்த்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு எழுது. ஒரு பெரியவருக்குத் தெரியவேண்டுமாம் என்று என்னைச் சாக்கு வைக்காதே. உனக்காகக் கேள். தெரியும்வரை நான் பினாங்குக்கு வருவதாக இல்லை.

அந்தோணிராஜ்


பினாங்கு
1982 ஜனவரி 10, ஞாயிறு, பகல் 2.15

அண்ணே,

நீங்கள் வராத இரண்டாவது ஞாயிறு. பழக்க தோஷத்தில் மீ கோரெங் இரண்டு பொட்டலம் வாங்கிவிட்டேன். ஒன்றை இரவுக்கு வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. அன்று நான் சொன்னது ஒரு வாக்கியம். மூன்று பேர் வாசலில் நிற்கும்போது ஒருவன் என்ன சொல்வான்? நான் டெஸ்ட் டிபார்ட்மெண்டில் இருக்கிறேன். ஷிஃப்டில் அறுபது பேர். ‘ரிப்பன்’ என்று ஒரு பெயர் விழுந்தால் வேலையை விடும்வரை போகாது. நீங்கள் தோட்டத்துக் கிராணி, உங்களை முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லமுடியாது. அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது முறை படித்தபோது கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது. முகம் கழுவப் போனது நான்தான்.

இந்தப் படத்தை நான் தேடிப் போகவில்லை. உங்களுக்கே தெரியும். பழுதான ரெக்கார்டரை வாங்கிப் பிரித்துச் சரி செய்தேன். டைமர் வேலை செய்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஐந்தரையில் வைத்தேன். அது பிடித்துக் கொடுத்தது ஒரு பழைய தண்ணீர்க் கோபுரத்தில் குடியிருந்து ஊருக்கு மழை பெய்விக்கும் ஆறு சிறுமிகளை. கலர் சரியா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி நேரம் சூப்பர்வைசர் குரல் கேட்டுவிட்டு வந்தவன் நான். அந்தப் படத்தில் யாரும் யாரையும் அதட்டவில்லை. தப்பு செய்தவளிடம்கூட முதலில் “சாப்பிட்டாயா?” என்றுதான் கேட்டார்கள். இருபத்து மூன்று நிமிடம், விளம்பரம் தனி. அடுத்த வாரமும் டைமர் வைத்தேன். தோட்டத்து ரேடியோவைப் பழுது பார்க்க நீங்கள் கொண்டுவந்த அன்று ஓடிக்கொண்டிருந்தது நாலாவது பாகம். ரேடியோ சரியாகிப் பத்து நிமிடம் கழிந்தும் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

கேட்டு எழுதச் சொன்னீர்கள். கீழ்வீட்டு காஜா மொய்தீன் பாயின் மகள் சபூராவைக் கேட்டேன். எட்டு வயது. அவர்கள் புதுவருடத்தன்று கப்பளா பத்தாஸில் சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் அவளும் பார்க்கவில்லை.

நான் கேட்ட விதத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். “ஒரு அங்கிளுக்குத் தெரியணுமாம்” என்றேன். அவள், “எந்த அங்கிள்? மேல ரெண்டு அங்கிளும்தானே பாப்பீங்க. நான் படியில உக்காந்து கேப்பேனே. நீங்கதான் பாட்டும் பாடுவீங்க” என்றாள். பாய் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். மறுபடி உயர்த்திக்கொண்டார்.

ஸ்கூலில் விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

நாகநாதன்


பினாங்கு
1982 ஜனவரி 17, ஞாயிறு, காலை 11.00

அண்ணே,

ஒரு வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. நான் சேகரித்ததை அனுப்புகிறேன். சபூராவின் வகுப்பில் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

குணவதி என்ற பெண் சொன்னது: குடை விரிந்தது. கப்பல் அளவுக்குப் பெரிதாகி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பறந்தது.

இரண்டாவது பெண் சொன்னது: காற்று குடையைக் கொண்டுபோய்விட்டது. தித்தி அழுதாள். பிறகு நிலா வந்தது.

மூன்றாவது பெண் சொன்னது: மூத்த அக்கா புதுக் குடை ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

ஒரே படத்தைப் பார்த்த மூன்று சாட்சிகள். ஃபேக்டரியில் இப்படி மூன்று ரீடிங் வந்தால் மீட்டரைத் தூக்கி எறிந்துவிடுவோம்.

டிவி நிலையத்துக்கு ஃபோன் போட்டேன். திங்கட்கிழமை டீ நேரத்தில், கேன்டீன் பொது ஃபோனில். எடுத்த பெண் என்ன விஷயம் என்றாள். ‘பாயோங் கெச்சில்’ மறுபடி போடுவீர்களா என்று மலாயில் கேட்டேன். “பிள்ளைக்கு எத்தனை வயசு?” என்றாள். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். “ஆறு” என்று சொல்லிவிட்டேன். போடும் உத்தேசம் இப்போதைக்கு இல்லையாம்.

உங்களுக்காகக் கேட்கவில்லை, எனக்காகத்தான் கேட்டேன். ஆனால் இல்லாத பிள்ளையைச் சாக்கு வைத்தேன். இது பாதிதான் என்று எனக்கே தெரிகிறது.

அன்று மாடிக்கு வந்த ஸ்ரீ ஞாயிறு ஓவர்டைமுக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறான். படம் முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பே உங்களிடமும் சொல்லியிருந்தேன். இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

நாகநாதன்


பைராம் தோட்டம்
21-1-82

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. உடம்பு அசதியாக இருக்கிறது. காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றும் இல்லை, வெறும் அசதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் பொழுது மலைபோல் நிற்கிறது. இங்கே பையன்கள் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஆபீஸைச் சுற்றுகிறார்கள். நான் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறேன். ஆறரைக்கு ஜெனரேட்டர் போடுவான். அதுவரை காற்றாடிகூட ஓடாது.

நீ கேட்டு எழுதிய மூன்றும் தப்பு தம்பி. கப்பலாவது, பறப்பதாவது! இருபத்தைந்து வாரம் நிதானமாகப் போன கதையைக் கடைசி அரை மணியில் அப்படிக் கெடுப்பார்களா? தித்தி அந்தக் குடையைக் காற்றுக்கு விடுகிறவளும் இல்லை. மூத்தவள் புதுக் குடை தைத்தாளாம்! வலது கையில் அவ்வளவு பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு ஊசியை எப்படிப் பிடிப்பாள்? சின்னப் பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். வேறு யாரிடமாவது கேள்.

ஓவர்டைம் எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அந்தோணிராஜ்


பினாங்கு
1982 ஜனவரி 24, ஞாயிறு, பிற்பகல் 3.30

அண்ணே,

சீனப் புத்தாண்டுக்காக ஃபேக்டரி மூடியிருக்கிறது. இருபத்தைந்தாவது பாகத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூத்தவள் வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் வலது கையில் கட்டு இல்லை. இடது கையிலும் இல்லை. இருபத்து நான்கிலும் இல்லை. இருபத்து மூன்றில் அவள் வரவே இல்லை.

கட்டுப் போட்டிருந்தால் அது இருபத்தாறில்தான் இருக்கவேண்டும்.

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

எனக்குப் புரியவேண்டியது ஒன்றுதான். இரண்டு வாரமாக என்னைச் சின்னப் பிள்ளைகள் பின்னால் அலையவிட்டு, கேன்டீன் ஃபோனில் மானத்தை வாங்கவிட்டு, வீட்டில் உட்கார்ந்து அசதி என்று எழுதுகிறீர்களே, எதற்கு? நேராக எழுதுங்கள். மலைபோல் பொழுது, காற்றாடி, ஜெனரேட்டர் எல்லாம் வேண்டாம்.

நாகநாதன்


பைராம் தோட்டம்
30-1-82

தம்பி,

பார்த்தேன்.

புதுவருடத்தன்று உன் மேல் இருந்த கோபத்தில், இவன் பதிவு செய்து நான் பார்க்கவேண்டுமா என்று சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிபோங் திபால் மாதா கோயில் மண்டபத்துக்குப் போனேன். அங்கே டிவி உண்டு. விடுமுறை நாளில் சிஸ்டர் சிறுமிகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார் என்று தெரியும். முப்பது பிள்ளைகள் பெஞ்சில் இருந்தார்கள். பின் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி வெளியே ஜன்னல் ஓரமாக நின்றேன்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சிஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “வாங்க கிராணியாரே, யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க?” என்று கேட்டார். நல்ல மனுஷி. உட்கார்ந்து பார்க்கிறேன் சிஸ்டர் என்று சொல்லியிருந்தால் நாற்காலி போட்டிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தங்கச்சி மகளைக் கூட்டிட்டுப் போக வந்தேன்” என்றேன். எனக்குத் தங்கையே கிடையாது. சிஸ்டர் அதற்குப் பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். படம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்ததும், யாரையோ தேடுகிறவன் மாதிரி இரண்டு நிமிடம் நின்றுவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை உன் முதல் கடிதம் வந்தது. பிழையை ஒளிக்காமல் எழுதியிருந்தாய். நானோ உன்னை இராயப்பர் என்று எழுதினேன். எழுதும்போதே தெரியும், நானும் அதே இடத்தில் நிற்கிறவன் என்று. ஆனாலும் எழுதினேன். நீயாவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அப்புறம் எனக்கும் சுலபமாக இருக்கும் என்று ஒரு எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. படம் முடிந்தால் ஞாயிறு ஓவர்டைம் எடுக்கப்போகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். முடிவு தெரியாதவரை படம் முடியவில்லை அல்லவா? நீ தேடிக்கொண்டே இருந்தால் கடிதமாவது வரும். கேவலமான கணக்குதான். மன்னித்துக்கொள்.

நீ தேடியதை இனியும் பூட்டிவைப்பது பாவம். எழுதிவிடுகிறேன்.

குடை விரியவில்லை தம்பி. கடைசிவரை விரியவே இல்லை. பெரிய மழை. ஐந்து அக்காமாரும் அவரவர் குடையை விரித்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார்கள். தித்தி மட்டும் வாசற்படியில் உள்பக்கமாக நிற்கிறாள். மூத்தவள் அவளைத் திரும்பிப் பார்க்கிறாள். கட்டுப் போட்ட கையால் கஷ்டப்பட்டுத் தன் பச்சைக் குடையை மடக்கிச் சுவரில் சாத்துகிறாள். பிறகு அடுத்தவள், அடுத்தவள். ஐந்து குடையும் சுவர் ஓரமாக நிற்கின்றன. தித்தி இறங்கி வருகிறாள். ஆறு பேரும் நனைகிறார்கள். அவ்வளவுதான். பாட்டுகூடப் போடவில்லை.

மண்டபத்தில் பிள்ளைகள், “இவ்ளோதானா?” என்றார்கள். அதனால்தான் சபூராவின் வகுப்பிலும் ஆளுக்கொரு முடிவு செய்துகொண்டார்கள் போலிருக்கிறது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தோணிராஜ்


பினாங்கு
1982 பிப்ரவரி 3, புதன், மாலை 6.20

அந்தோணி அண்ணே,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று மத்தியானம் கேன்டீனில் ஸ்ரீ, ஓவர்டைம் லிஸ்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். “ஞாயிற்றுக்கிழமைக்கு உன் பேர் போடட்டுமா? பெரியவர் படம்தான் முடிஞ்சிடுச்சே” என்றான். மேஜையில் ஏழு பேர் இருந்தார்கள்.

“அவர் படம் இல்ல, என் படம். இருபத்தஞ்சு வாரம் நான்தான் பார்த்தேன்” என்றேன். சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்து முடித்தேன். இந்த ஒரு வரிக்கு இவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

சிரித்தார்கள். ரிப்பன் என்ற பெயரும் விழுந்துவிட்டது. மூன்றரை மணிக்குள் ஸ்டோர் வரைக்கும் போயிற்று. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று. கார்டு குத்தப் போனபோது ஸ்டோர் முகம்மது, நாலு பிள்ளைக்குத் தகப்பன், பக்கத்தில் வந்து மெதுவாக, “அந்தக் குடை கடைசியில விரிஞ்சுதா தம்பி? அன்னிக்கு எங்க வீட்டுல கரண்ட் போயிடுச்சு” என்றார். பதில் சொல்வதற்குள் சைரன் ஊதிவிட்டது.

உங்கள் மேல் கோபம் இருந்தது. நீங்கள் முடிவை எழுதிய இடத்தில் போய்விட்டது. எங்கே போயிற்று என்று ஆராய எனக்கு நேரமில்லை. காலை ஆறரைக்கு ஃபேக்டரி பஸ்.

இனி நான் செய்யப்போவது:

1. ரெக்கார்டர் கடிகாரத்தை இன்று திருத்துவேன். ஒரு மாதமாக அது அரை மணி பின்னாலேயே ஓடுகிறது. தொட மனம் வரவில்லை.

2. கோழி கேசட்டை அழிக்கமாட்டேன். மேலே 26 என்று எழுதி ஒட்டுவேன்.

3. நாளை முகம்மதுவிடம் முடிவைச் சொல்வேன். குரலைத் தாழ்த்தாமல்.

4. ஓவர்டைமுக்குப் பெயர் கொடுக்கமாட்டேன்.

5. வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முதல் பாகம் தொடங்கி வாரம் ஒன்றாக மறுபடி போடுவேன். ஜூலை 25 வரை வரும். சபூரா இனிமேல் படியில் அல்ல, உள்ளே உட்காருவாள். பாயிடம் கேட்டுவிட்டேன். அவரும் ஒரு நாள் வந்து பார்ப்பாராம். ஆகஸ்ட் முதல் ஞாயிறு கோழியை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிடுவேன். இருபத்தாறை நீங்கள் வாயால் சொல்லவேண்டும்.

6. திங்கட்கிழமை தைப்பூசம். அம்மாவைத் தண்ணீர்மலைக்கு ஏற்றிச் செல்லவேண்டும். அதனால் ஞாயிறு வராமல் திங்கள் வருகிறேன் என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

7. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஃபெரித் துறையில் நிற்பேன். இந்த வாரம் முழுக்க மழை. குடை கொண்டுவரமாட்டேன்.

நாகநாதன்